கத்திரிக்காய்க் குற்றம்

இருந்தவர்கள்: மாமியார் கமாலத், நாத்தனார் இன்ஷிராஹ், கட்டிலில் நான். கணவர் ரகப் நிலைப்படியில், பாதி உள்ளே, பாதி வெளியே. எப்போதும் அப்படித்தான்.

விசாரணை நடந்துகொண்டிருந்தது. ஓராண்டாக நான் மறுபடி உண்டாகவில்லை. குற்றவாளி யார்?

பிரசவத்துக்கு முன்பே நஞ்சுக்கொடி பிரிந்துவிட்டது, உடம்பு ஆற நாளாகும் என்றார் டாக்டர். பாவம், படித்தவர்.

பிள்ளை பெற்றவளின் அறைக்குள் யாராவது கத்திரிக்காயோ பச்சை இறைச்சியோ கொண்டுவந்தால் வயிறு கட்டிக்கொள்ளும், மறுபடி பிள்ளை தங்காது என்பது எங்கள் மன்சூரா ஊரில் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். வந்த ஆளே அதே பொருளோடு திரும்பி வந்து, அவளோடு தனியாக இருந்தால்தான் கட்டு அவிழும்.

முகம் மழித்த ஆணும் உள்ளே வரக் கூடாது. ரகப் என் பிரசவத்தன்று மழித்திருந்தார். ஆனால் என் அறைப்பக்கமே வரவில்லை. ஆகவே நிரபராதி.

செத்துப் பிறந்த குழந்தையைப் பற்றி மட்டும் விசாரணை இல்லை. எனக்கு மயக்கம் தெளிவதற்குள் புதைத்து முடித்திருந்தார்கள். பார்த்தால் மனதில் தங்கிவிடுமாம். அதன் முகம் எப்படி இருந்தது என்று நான் கேட்கும்போதெல்லாம் புறா சூப் வந்தது.

“கீழ்வீட்டு பஹீகாதாம்மா! கத்திரிக்காய்ப் பையோட உள்ள வந்தாளாம். இவளே பார்த்திருக்கா,” என்றாள் இன்ஷிராஹ்.

“அவளா? பழசைப் பேசிப் பேசி இவளை அழவைப்பான்னுதானே படியேறக் கூடாதுன்னேன். இப்ப நானே போய்க் கூப்பிடணுமா?”

“பேரன் வேணுமா, மானம் வேணுமா?”

பேரன் வென்றான்.

பஹீகா இரண்டு கத்திரிக்காயோடு நிலைப்படியில் வந்து நின்றாள். விழி பிதுங்கியிருந்தது.

“ஹஜ் போய்வந்த உங்ககிட்ட சத்தியமா சொல்றேன், அன்னிக்கு என் கையில கத்திரிக்காயே இல்லை.”

“வாதாடாதே. உள்ள போ.”

பஹீகா சொன்னது உண்மை. அன்று நான் மயங்குமுன் அவள் கையில் பார்த்தது வெந்நீர்ப் பாத்திரம். என் குழந்தையைக் குளிப்பாட்டித் துணி சுற்றியவள் அவள்தான். அதன் முகத்தை முழுதாகப் பார்த்த ஒரே ஆள்.

கத்திரிக்காய் என் சொந்தச் சரக்கு.

அவள் உள்ளே வந்ததும் எழுந்துபோய், அவள் முதுகுக்குப் பின்னால் கதவைச் சாத்திப் பூட்டினேன்.