சாமி மாத்திரை

அந்த வீட்டில் அந்த மாத்திரைக்குப் பெயர் இல்லை. பெண்கள் அதை வாங்கும்போது என்னவென்று கேட்க மாட்டார்கள். விழுங்கும்போது முன்கூடத்துக்கு முதுகைக் காட்டி நிற்பார்கள்.

யாரும் வாய்விட்டுச் சொன்ன விதி அன்று. மருமகளாக வந்த முதல் கோயில் கொடைத் திருவிழாவிலேயே தானாகப் பிடிபட்டுவிடும்.

மாமியார் வேலம்மாள் பூஜையறை வாசலில் நிற்கிறாள். கையில் பித்தளைத் தட்டு. திருநீறு, குங்குமம், வெற்றிலை. வெற்றிலையின்மேல், கத்தரிக்கோலால் துண்டு துண்டாக வெட்டிய மாத்திரை அட்டை.

வரும் செவ்வாய்க்கிழமை குலதெய்வத்துக்குக் கொடை. வீட்டுப் பெண் ஒருத்திக்குத் தீட்டு வந்தாலும் பொங்கல் பானை ஏற்ற முடியாது. ஆகவே ஒருத்திக்கும் வராது. நாள் நெருங்கியவளுக்கும் நெருங்காதவளுக்கும், இன்று தொடங்கிக் கொடை முடியும்வரை, இதே தட்டு.

முதலில் மூத்த மருமகள் சொர்ணம். பிரசாதம் வாங்குவதுபோல் கையேந்தி வாங்கினாள். சுவர்ப்பக்கம் திரும்பினாள். தொண்டையில் தண்ணீர் இறங்கும் ஓசை மட்டும் கேட்டது.

அடுத்து அவள், இளைய மருமகள்.

“எளா, தலையக் குனிஞ்சு வாங்கு.”

குனிந்தாள். நெற்றியில் திருநீறு. உள்ளங்கையில் மாத்திரை.

அவள் அதைப் புரட்டிப் பார்த்தாள்.

வெள்ளித் தாளின் முதுகில், வெட்டில் பாதி அறுபட்ட எழுத்துகள். பாதியே போதுமாயிருந்தது.

பொங்கல் கழிந்த வாரம் பாளையங்கோட்டை மருத்துவர் இதே பெயரைத்தான் சீட்டில் எழுதினார். எழுதுமுன் அவள் வயிற்றைத் திரையில் காட்டி விளக்கினார். கர்ப்பப்பைக்குள் இருக்க வேண்டிய சவ்வு, வெளியே சினைப்பையில் ஒட்டி வளர்ந்திருக்கிறது. மாதந்தோறும் உள்ளே கசியும்போது அதுவும் கசிகிறது. கசிந்தது வெளியேற வழியில்லை.

“இந்த ஹார்மோன் அதத் தூங்க வைக்கும்மா. சில மாசம் விடாம சாப்பிடணும். தலைவலி, கால் வீக்கம்னு எது வந்தாலும் ஒடனே எங்கிட்ட வாங்க. நீங்களா நிறுத்தாதீங்க.”

அத்தனை ஆண்டுகளில் அன்றுதான் ஒருவர் அவளுடைய வலிக்கு ஓர் இடத்தைச் சுட்டிக்காட்டினார்.

அந்த வாரமே அட்டை சாக்கடையில் கிடந்தது.

மாசாமாசம் வரவேண்டியதை நிறுத்தினால் வயிறு எப்படித் திறக்கும் என்று வேலம்மாள் கேட்டாள். கணவன் இசக்கிமுத்து சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, “அம்ம சொல்லுததும் நெசந்தானே” என்றான்.

அடுத்து வந்த தீட்டு நாள்களில் அவள் குளியலறைத் தரையில் கன்னத்தை வைத்துக் கிடந்தாள். தரை ஈரமாக, குளிர்ந்து இருந்தது. வெளியிலிருந்து யாரோ கதவைத் தட்டி, தொட்டி நிறைந்துவிட்டது, மோட்டாரை நிறுத்து என்றார்கள்.

எழுந்து போய் நிறுத்தினாள்.

“என்னத்தப் பாத்துக்கிட்டு நிக்க? முழுங்கு” என்றாள் பூஜையறை வாசலில் வேலம்மாள்.

“இதத்தான அத்தை அன்னைக்குச் சாக்கடையில போட்டிய?”

வேலம்மாளின் தட்டு அசையவில்லை. குரல் மட்டும் தணிந்தது.

“அது வேற, இது வேற. இது சாமிக்கு.”

சாமிக்கென்றால் வயிறு கெடாது. வலிக்கென்றால் கெடும்.

இதை விழுங்கினால் செவ்வாய்க்கிழமைவரை எல்லாம் அடங்கியிருக்கும் என்று அவளுக்குத் தெரியும். புதன்கிழமை தட்டு உள்ளே போய்விடும். பிறகு மறுபடியும் அந்தத் தரை.

“எனக்குக் கொடை முடிஞ்சு சாமி மலையேறுன பொறவும் வேணும், அத்தை.”

“மெதுவாப் பேசு. ஆம்பளைய இருக்காவ.”

இருந்தார்கள். முன்கூடத்தில் மாமனாரும் இசக்கிமுத்துவும் மேளக்காரரோடு கொடைக்கு நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

சொர்ணம் இன்னும் சுவரைப் பார்த்தே நின்றாள். செம்பு அவள் கையில். இவள் கை நீட்டினாள். சொர்ணம் திரும்பாமலே கொடுத்தாள். கொடுக்கும்போது இவள் விரலை ஒரு கணம் இறுக்கிப் பிடித்தாள்.

செம்போடு அவள் நிலைப்படியைத் தாண்டி முன்கூடத்துக்கு வந்தாள்.

இசக்கிமுத்து பாதி எழுந்தான்.

அவர்களைப் பார்த்தபடி மாத்திரையைப் பிதுக்கி நாக்கில் வைத்தாள். அண்ணாந்து தண்ணீரை ஊற்றிக்கொண்டாள். வாயைத் துடைக்கவில்லை.

“நோரெதிஸ்டிரோன்” என்றாள். “டாக்டர் எனக்கு எழுதுனது. நாளைக்குப் பாளையங்கோட்டைக்குப் போயி அவங்களப் பாத்துட்டு, மிச்சத்தையும் வாங்கியாரேன்.”

மாமனார் மேலே மின்விசிறியைப் பார்த்தார். இசக்கிமுத்து தரையைப் பார்த்தான். மேளக்காரருக்குத்தான் சரியாகக் காதில் விழவில்லை போலும்.

“என்னம்மா சொன்ன?”

அவள் அவர் பக்கம் திரும்பி, இன்னும் உரக்க, எழுத்தெழுத்தாகச் சொன்னாள்.