லிபோவாவுக்கு அப்பால் சதுப்பு

"இந்தச் சதுப்பு நிலத்தை நீ கண்ணால பாத்தியா, இல்ல யாராச்சும் சொன்னதைக் கேட்டு வரைஞ்சியா?"

கர்னல் ரோட்விட்ஸ் வரைபடத்தின் மேல் விரலை ஊன்றிக்கொண்டு கேட்டார். எதிரே புரோகோப் நின்றான். பிரஷ்யாவோடு போரிடும் மகாராணியின் படைக்கு நிலம் அளந்து படம் வரைவது அவன் வேலை.

"கண்ணாலதான் பாத்தேன் ஐயா. லிபோவா கிராமத்தைத் தாண்டினதும் ஆரம்பிக்குது. இடுப்பு வரைக்கும் உள்ள போயிட்டேன்."

"பழைய படத்துல இல்லையே?"

"இந்த வருஷம் மழை அதிகம் ஐயா. ஓடை உடைச்சுக்கிட்டு பள்ளம் பூரா ஊறிப் போச்சு."

ஓடையும் உடையவில்லை, பள்ளமும் ஊறவில்லை. அங்கே சதுப்பு நிலமே கிடையாது. வண்டி குலுங்காமல் போகிற நல்ல சாலை அது. நேற்று மத்தியானம் புரோகோப் படத்தில் அதன் மேல் நீலக் கோடுகளை இழுத்து, நடுநடுவே புல் குத்துகளைப் போட்டு வைத்திருந்தான்.

லிபோவா அவன் அக்கா லுட்மிலா வாழ்க்கைப்பட்ட ஊர். கைக்குழந்தையும் ஒரு பசுவும் அறுவடைக்கு நிற்கும் கோதுமையும்தான் அவள் சொத்து. நம் படையோ எதிரிப் படையோ, பட்டாளம் போன வழியில் அப்புறம் கோழி கூவாது. சாலை அடைத்திருக்கிறது என்றால் லிபோவா பக்கம் போக வேலையே இல்லை, படை மலைப்பாதையில் போய்விடும். அவ்வளவுதான் அவன் போட்ட கணக்கு. பொய்ப்படம் வரைந்தவனுக்குத் தூக்கு என்பது அந்தக் கணக்கில் நேற்று வரவில்லை. இன்று அதைத் தவிர வேறெதுவும் மனசில் இல்லை.

"சரி. சிப்பாய் மிக்‌ஷாவைக் குதிரையில அனுப்பியிருக்கேன். நேர்ல பாத்துட்டு வந்து சொல்லட்டும். அதுவரைக்கும் இங்கயே உக்காரு" என்றார் கர்னல்.

புரோகோப் உட்கார்ந்தான்.

கர்னல் ரொட்டியைப் பிய்த்துப் பாலாடைக்கட்டியோடு மென்றார். "ஏன்யா இப்படி வேர்க்குது உனக்கு?"

"வெயில், ஐயா."

"கூடாரத்துக்குள்ள என்ன வெயில்? பொண்டாட்டிக்கு இடுப்புவலி வந்த மாதிரி உக்காந்திருக்கியே. இந்தா, பீர் குடி."

குடித்தான். பாதி சட்டையில் போனது. போன மாதம் இதே கர்னல்தான் ஒருவனை ஆப்பிள் மரத்தில் தொங்கவிட்டார். அவனுக்கும் முதலில் பீர் கொடுத்ததாகப் பேச்சு. ஓடிப்போனால் என்ன என்று தோன்றியது. ஓடினால் குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரி. வாசலில் நிற்கிற சிப்பாயும் சும்மாவா நிற்கிறான்?

வெளியே குளம்புச் சத்தம். மிக்‌ஷா உள்ளே வந்தான். இடுப்பிலிருந்து பாதம் வரை சேறு. மீசையில்கூடச் சேறு.

"ஐயா, சேறுன்னா சேறு, அப்படிச் சேறு! குதிரை வயிறு வரைக்கும் இறங்கிடுச்சு. பிழைச்சு வந்ததே பெருசு. பீரங்கியை அதுல விட்டீங்க, அடுத்த பிறவியிலதான் எடுக்கணும்!"

புரோகோப் வாயைப் பிளந்தான்.

"எங்கேயும் கடக்க முடியாதா?" என்றார் கர்னல்.

"கொக்கு வேணா கடக்கும் ஐயா."

கர்னல் புரோகோப்பைப் பார்த்துத் தலையசைத்தார். படத்தைச் சுருட்டிக்கொண்டு தளபதியின் கூடாரத்துக்கு வேகமாக நடந்தார்.

அவர் தலை மறைந்ததும் புரோகோப் மிக்‌ஷாவின் தோளைப் பிடித்தான். "டேய், நீ நிஜமா எங்கடா போன?"

மிக்‌ஷாவின் முகம் செத்துவிட்டது. "கண்டுபிடிச்சிட்டீங்களா? அண்ணே, உங்க காலைப் பிடிச்சுக் கேக்கிறேன், காட்டிக் குடுத்துடாதீங்க. பாலத்துக்கிட்ட சாராயக்கடைக்காரி ப்ளம் சாராயம் புதுசா இறக்கியிருந்தா. ஒரு வாய்னு உக்காந்தேன், பொழுது போயிடுச்சு. வர்ற வழியில பன்னிக் குட்டையில புரண்டுட்டு வந்துட்டேன். நீங்க வரைஞ்சா தப்பாவா இருக்கப் போகுதுன்னு ஒரு நம்பிக்கைதான்!"

புரோகோப் அவனைச் சேற்றோடு சேர்த்துக் கட்டிக்கொண்டான். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அக்கா பிழைத்தாள், கோதுமை பிழைத்தது, தன் கழுத்தும் பிழைத்தது. உலகத்தில் குடிகாரர்களைப் படைத்த கடவுளுக்கு இரண்டு மெழுகுவர்த்தி ஏற்றுவதாக அப்போதே நேர்ந்துகொண்டான்.

கர்னல் திரும்பி வந்தார். முகமெல்லாம் பல்.

"புரோகோப், தளபதி உன் படத்தை மெச்சிக்கிட்டே இருக்கார்யா! இல்லேன்னா அந்த லிபோவாவை நாளைக்கு ஒரு வேளையில கடந்து போயிருப்போம்."

"இப்போ மலைப்பாதையில போறோமா ஐயா?"

"மலையாவது! பிரஷ்யாக்காரன் எந்தப் பக்கமிருந்து பாய்வானோன்னு பாதுகாப்பான இடம் தேடி ஒரு மாசமா அலையிறோம். முன்னால இப்பேர்ப்பட்ட சதுப்பு இருக்கறப்போ அந்தப் பக்கம் காவலே வேண்டாம், பாரு. பனி விழற வரைக்கும் நாற்பதாயிரம் பேருக்கும் லிபோவாவுலதான் முகாம். வந்து சேர்ற குதிரைக்கெல்லாம் தீனி வேணும், விளைஞ்சு நிக்கிற கோதுமையை முதல்ல அறுத்துப் போடணும். ஊரை அளந்தவன் நீதானே, விடியறதுக்குள்ள நீயே முன்னால போய் எந்தெந்த வயல்னு காட்டு!"