பிள்ளைக்கு ஒரு வார்த்தை

"யாரோ உள்ளடி வேலை பண்ணியிருக்காங்க!"

போனில் வந்த லிஸ்ட்டைப் பார்த்ததும் என் வாயில் வந்தது இதுதான்.

சென்னையில் ஒரு டிரஸ்ட். ஓட்டப்பந்தயப் பிள்ளைகளுக்கு இரண்டு வருஷம் பயிற்சி, ஹாஸ்டல், சாப்பாடு, படிப்பு எல்லாம் இலவசம். என் பையன் ஸ்ரீதர், பொண்ணு யுவஸ்ரீ இரண்டு பேருமே ஓட்டத்தில் தேறிவிட்டார்கள். ஆனால் வீட்டுக்கு ஒரு பிள்ளைதானாம். யாரை எடுப்பது என்று, பெற்றவர்கள் எழுதித் தரும் ஃபாரத்தைப் பார்த்து அவர்களே முடிவு பண்ணுவார்களாம்.

லிஸ்ட்டில் யுவஸ்ரீ பேர் இருக்கிறது. ஸ்ரீதர் பேர் இல்லை.

"அதுக்கு ஏன் இப்டி கத்திகினு கெடக்கற? நம்ம பொண்ணுக்குத்தானே கெடச்சிருக்குது?" என்றாள் என் மனைவி கவிதா.

"நீ சும்மா இரு. நான் எழுதின எழுத்துக்கு ஸ்ரீதருக்குத்தான் வரணும்."

"ஆங், பெரிய எழுத்து!"

அவளுக்கு என்ன தெரியும்? திருத்தணி தாலுகா ஆபீஸ் வாசலில் பதினெட்டு வருஷமாக மனு எழுதுகிறேன். இங்கிலீஷில் எந்த வார்த்தையை எங்கே போடணும் என்று என்னைக் கேட்கணும். பட்டாவுக்காகப் பத்து வருஷமாக நடக்கிற ஆளுக்கு 'பெர்சிவரன்ஸ்', விடாமுயற்சி. கிணற்றில் விழுந்த குழந்தையைத் தூக்கினவனுக்கு 'பிரேவ்'. அதிகாரியை எதிர்த்துப் பேசினவன் என்னிடம் மனு எழுத வந்தால் 'போல்டு'. அவன் மேலேயே வேறொருத்தன் மனு எழுத வந்தால் 'அரகன்ட்', திமிர் பிடித்தவன். தொழில் சார், தொழில்!

டிரஸ்ட் ஃபாரத்திலும் இதைத்தான் கேட்டிருந்தார்கள். பிள்ளையின் குணத்தை ஒரே இங்கிலீஷ் வார்த்தையில் எழுதணும். அதற்குக் கீழே, உதாரணத்துக்கு வீட்டில் நடந்த ஒரு சம்பவத்தைத் தமிழில் எழுதணும்.

ஸ்ரீதருக்கு 'டிடர்மைண்ட்' போட்டேன். மன உறுதி உள்ளவன். யுவஸ்ரீக்கு 'ஸ்டபர்ன்'. பிடிவாதக்காரி. அதைப் படித்துவிட்டு எவனாவது அவளை எடுப்பானா?

பி.டி. டீச்சர் புவனா மேல்தான் எனக்குச் சந்தேகம். யுவஸ்ரீ என்றால் அந்தம்மாவுக்கு உயிர். வண்டியை எடுத்துக்கொண்டு நேராக ஸ்கூலுக்குப் போனேன்.

"ஃபாரத்துல என்ன பண்ணீங்க டீச்சர்?"

"நான் என்னங்க பண்ணப்போறேன்? நீங்க குடுத்து அனுப்பினத அப்டியே அனுப்பிட்டேன். ஜெராக்ஸ் இருக்குது, பாருங்க."

பார்த்தேன். யுவஸ்ரீ ஃபாரத்தில் 'டிடர்மைண்ட்'. ஸ்ரீதர் ஃபாரத்தில் 'ஸ்டபர்ன்'. சம்பவமெல்லாம் என் கையெழுத்து. அந்த இரண்டு வார்த்தை மட்டும் வேறு யாரோ கொட்டை கொட்டையாக எழுதினது.

"டிரஸ்ட்டுல உங்களைத்தான் ரொம்பப் பாராட்டினாங்க சார். பெத்த புள்ளைங்கள இவ்ளோ நேர்மையா எடைபோட்ட அப்பாவ பாத்ததே இல்லன்னாங்க."

எனக்கு அந்தப் பாராட்டு எரிகிற நெருப்பில் எண்ணெய். "ஃபாரத்த யார் கொண்டாந்து குடுத்தது?"

"உங்க பசங்கதான்."

அவ்வளவுதான், விளங்கிவிட்டது. வீட்டுக்கு வந்த வேகத்தில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அண்ணன் வாயில மண்ண அள்ளிப் போட்டுட்டியேடி!"

யுவஸ்ரீ மிரண்டு போனாள். "நான் என்ன பண்ணேன் நைனா?"

"நடிக்காத! ஃபாரத்துல நான் எழுதினத மாத்தினது நீதானே?"

"சத்தியமா இல்ல நைனா. நீங்க என்ன எழுதினீங்கன்னே எனக்குத் தெரியாது. நான் அதத் தொடவே இல்ல."

"பொய்யி வேற! இப்பவே டிரஸ்ட்டுக்குப் போன் போடறேன். இது ஃபோர்ஜரின்னு சொல்லி உன் சீட்ட கேன்சல் பண்ணல, என் பேரு நாகராஜன் இல்ல!"

அவள் அழுதுவிட்டாள். "போன் போடாதீங்க நைனா... எனக்கு வேற ஒண்ணுமே வேணாம், இது மட்டும் போதும்" என்று என் கையைப் பிடித்தாள். நான் உதறிவிட்டு நம்பரைத் தேடினேன்.

வாசலில் பைக்கை நிறுத்திவிட்டு ஸ்ரீதர் உள்ளே வந்தான்.

"அவள ஏன் நைனா திட்றீங்க? மாத்தினது நான்தான்."

போனைக் கீழே வைத்தேன்.

"நீயா? உன் சீட்டே போச்சேடா மடையா! தங்கச்சிக்காக விட்டுக் குடுத்துட்டியா?"

"விட்டெல்லாம் குடுக்கல நைனா." அவன் என்னை ஒரு மாதிரி குழம்பிப் போய்ப் பார்த்தான். "கீழ நீங்க எழுதியிருந்தத படிச்சேன். நான் பைக் கேட்டு ரெண்டு நாள் சோறு துன்னாம கெடந்தது என் ஃபாரத்துல இருந்துச்சு. கால் சுளுக்கிக்கினும், நீங்க வேணாம்னு திட்டியும், அவ தெனம் விடியகாலைல மலைப்படி ஏறி ஓடினது அவ ஃபாரத்துல இருந்துச்சு. உங்களக் கேக்கலாம்னா நீங்க வேலைக்குப் போய்ட்டீங்க. அன்னைக்கே கடைசி நாளு."

"அதனால?"

"உங்க இங்கிலீஷ்ல தப்பே வராதே நைனா. அவசரத்துல எங்க ரெண்டு பேருக்கும் வார்த்தைய மாத்திப் போட்டுட்டீங்கன்னு நெனச்சேன்."