பொப் குணத்தின் ஒரே பாட்டு

அடுத்த வீட்டில் இன்றைக்கும் பாட்டுத் தொடங்கிவிட்டது.

புஸ்பராணி கையிலிருந்த தேத்தண்ணிக் கோப்பையை அப்படியே மேசையில் வைத்தாள்.

"கேக்குதோ மாக்கிரட்? ஊர் முழுக்கச் செத்தவீடு. இந்த மனுஷன்ர வீட்டில மட்டும் டிஸ்கோ."

"கேக்காமல்? கீழ சைக்கிள் விடுற இடத்திலயே எனக்குக் கேட்டது" என்றாள் மாக்கிரட். ஜெபக்கூட்டத் தோழி. ஆறுதல் சொல்ல வந்தவள்.

இலங்கையில் போர் முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. டென்மார்க்கின் இந்த ஸ்கீவ நகரில் இருக்கிற தமிழ்க் குடும்பங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். இப்போதைக்கு ஒரு கொண்டாட்டமும் வேண்டாம் என்று அத்தனை பேரும் ஒரே மனதாய் முடிவெடுத்திருந்தார்கள். தங்கமலர் தன் மகளின் சாமத்தியச் சடங்குக்கு எடுத்த மண்டபத்தையே வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

புஸ்பராணிக்கு ஊருக்குப் பொதுவான துக்கம் மட்டும் இல்லை. அவளுடைய கூடப்பிறந்த தம்பி குகநேசன் கடைசிவரை வன்னியில் இருந்தவன். இருக்கிறானா, இல்லையா என்று சொல்ல ஆளில்லை. காத்திருப்பதா, அழுவதா என்றுகூடத் தெரியாத நிலை.

இந்த லட்சணத்தில்தான் சுவருக்கு அந்தப் பக்கம் குணசேகரம் பாட்டுப் போடுகிறார்.

ஊரில் அவருக்குப் பெயர் பொப் குணம். எண்பத்தாறில் அகதியாய் வந்து இறங்கியபோது உடுப்புப் பையைத் தொலைத்தவர், கசெற் பெட்டியை மட்டும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தாராம். எண்பதுகளின் பொப், ரொக் பாட்டுகளைப் பற்றி டேனிஷ்காரருக்கே வகுப்பெடுப்பார். எந்தப் பாட்டு எந்த வருடம் வந்தது, டிரம்ஸ் அடித்தவர் ஏன் கோபித்துக்கொண்டு போனார், எல்லாம் விரல்நுனியில்.

"எண்பதுகளோட பாட்டு முடிஞ்சுது. பிறகு வந்ததெல்லாம் வெறும் சத்தம்" என்பார். ஏதோ எல்லாவற்றுக்கும் தானே மெட்டுப் போட்டவர்போல நெஞ்சை நிமிர்த்துவார்.

சரி, இருந்துவிட்டுப் போகட்டும். அதற்காக இந்த நேரத்திலா? அதுவும் ஒரே பாட்டு. தொழிற்சாலையில் காலை வேலை முடிந்து வந்ததும் தொடங்கினால் நாலு மணிவரை அதுவே திரும்பத் திரும்ப ஓடும். சனி, ஞாயிறில் மட்டும் பாட்டு இருக்காது. வார இறுதியில்தான் அவருக்குத் துக்கம் வருமாக்கும்.

"இப்பிடியே விட்டாச் சரிவராது. போய்க் கேளுங்கோ அக்கா" என்று உருவேற்றினாள் மாக்கிரட்.

புஸ்பராணி போனாள். கதவு சும்மா சாத்தியிருந்தது. தட்டாமலே உள்ளே நுழைந்தாள்.

"குணசேகரம், உமக்கு மனச்சாட்சி எண்டு ஒண்டு இருக்கோ?"

மேசையில் முழங்கையை ஊன்றிக்கொண்டு இருந்தவர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். வாயில் விரலை வைத்தார்.

"மெல்ல அக்கா, மெல்ல."

"நான் ஏன் மெல்லக் கதைக்கோணும்? முதல்ல உம்மட பாட்டை நிப்பாட்டும்."

"நிப்பாட்டினா திரும்பவும் முதல்ல இருந்து கியூவில நிக்கோணும்."

அப்போதுதான் அவள் கவனித்தாள். பாட்டுப் பெட்டி மூலையில் துணி போர்த்தபடி கிடந்தது. பாட்டு வந்தது மேசைமேல் ஸ்பீக்கரில் போட்டிருந்த தொலைபேசியிலிருந்து.

"காணாமற்போன ஆக்களைத் தேடிக் குடுக்கிற கந்தோர் அக்கா. ஆள் கதைக்க வருமட்டும் இந்தப் பாட்டைத்தான் விடுவாங்கள். நாலு மணியானாப் பூட்டிப்போடுவாங்கள், அடுத்த நாள் திரும்ப எடுக்கோணும். குகநேசன்ர பேரைக் குடுத்திருக்கிறன். சொந்தமோ எண்டு கேட்டாங்கள். என்ர தம்பி எண்டு சொல்லிப்போட்டன். குறை நினைக்காதேங்கோ."

புஸ்பராணி கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"அந்த நம்பருக்கு நானும் எடுத்தனான்" என்றாள். "பாட்டுப் போச்சுது. மாறி ரேடியோக்காரருக்கு எடுத்திட்டன் எண்டு வைச்சிட்டன்."

குணசேகரம் சிரிக்கவில்லை.

"எனக்கு ஏன் ஒரு வார்த்தை சொல்லேல்லை?"

"நீங்கள் ஆரிட்டையும் உதவி கேக்கிற ஆளே அக்கா? சொல்லியிருந்தா வேண்டாம் எண்டிருப்பியள். அதோட, என்ன பதில் வருமோ தெரியாது. நல்ல பதில் வந்தாச் சொல்லுவம் எண்டு இருந்தன்."

பாட்டு நின்றது. டேனிஷில் ஒரு பெண்குரல் வணக்கம் சொன்னது.

குணசேகரம் பாய்ந்து தொலைபேசியை எடுத்துக் காதில் வைத்தார். பெயரைச் சொன்னார். ஓம், ஓம் என்றார். ஊரைச் சொன்னார். பிறகு வெகுநேரம் கேட்டுக்கொண்டே நின்றார். புஸ்பராணி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இருக்கிறார் அக்கா" என்றார். "வவுனியா ஆஸ்பத்திரியில. காலில காயமாம். ஆனா இருக்கிறார்."

அவள் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு விம்மி விம்மி அழுதாள். சத்தம் கேட்டு ஓடிவந்த மாக்கிரட் வாசலிலேயே விறைத்துப்போய் நின்றாள்.

"உள்ளுக்கு வா மாக்கிரட்" என்றாள் புஸ்பராணி, முகத்தைத் துடைத்துக்கொண்டு. "இவரும் என்ர தம்பிதான். ஊரெல்லாம் போய்ச் சொல்லு." அவளுக்கே அப்படிச் சொல்ல அவ்வளவு பெருமையாக இருந்தது.

பிறகு குணசேகரத்திடம் திரும்பினாள்.

"தம்பி, இனி நீ விரும்பின நேரமெல்லாம் அந்தப் பாட்டைப் போடு. ஆர் கேட்டாலும் நான் பதில் சொல்லுறன்."

குணசேகரத்தின் முகம் சுண்டிப்போனது. நெஞ்சு மெல்ல நிமிர்ந்தது.

"அதையோ? அது தொண்ணூற்றி மூண்டில வந்தது அக்கா. இந்த வீட்டுக்குள்ள அது கால் வைச்சதே உங்களுக்காகத்தான்."