கைபிடித்து வந்தவள்

ஆவடியில் ஷர்மிளா நடத்திய கோடை ஓவிய வகுப்புக்கு அன்று கடைசி நாள். போன வாரம் எல்லோரும் மெரினாவுக்குப் போய்வந்ததை வரையச் சொல்லியிருந்தாள். எல்லாப் படங்களிலும் அவளருகே பச்சைப் புடவையில் ஒரு பெண் நின்றாள். ஷர்மிளாவோ பிள்ளைகளைத் தனியாளாகத்தான் அழைத்துப் போயிருந்தாள். ஒருவரைப் பார்த்து ஒருவர் வரைந்திருப்பார்களோ என்று சந்தேகம் வந்தது.

“யாரு இது?” என்று நிஷாவை அதட்டினாள்.

“உங்க கையப் புடிச்சிகினே வந்தாங்களே மிஸ்!”

சொல்லிவைத்துக்கொண்டு விளையாடுகிறார்கள் என்றே நினைத்தாள். அதற்குள் நிஷாவைக் கூட்டிப்போக அவள் அப்பா எத்திராஜ் வந்தார். படத்தை உற்றுப் பார்த்தார்.

“வாசலாண்ட நிக்கிறாங்களே, இவங்கதான மிஸ்? உள்ள வாங்கன்னேன். மிஸ் கூப்டாதான் வருவேன்னுட்டாங்க.”

ஷர்மிளா வாயைத் திறக்குமுன் நிஷா வாசலுக்கு ஓடினாள்.

“மிஸ் கூப்புடுறாங்க, வாங்க ஆன்ட்டி!”