யாருடைய ஈரம்

கணினியின் சூட்டைத் தணிக்கும் வாட்டர் பிளாக்கிலிருந்து பழைய ஃபிட்டிங்கைக் கழற்றிவிட்டு, குழாயைப் பிடித்துக்கொள்ளப் புதிய ஃபிட்டிங் ஒன்றைப் பொருத்தினார்கள். கசிவு இருக்கிறதா என்று பார்ப்பதற்காக அடியில் ஒரு டிஷ்யூ தாளையும் விரித்தார்கள். கசிந்தால் புதியது குப்பைக்குப் போய்விடும்.

“தப்பா நினைக்காதேம்மா, உன் மேல உள்ள அக்கறையிலதான் இங்க படுத்திருக்கேன்,” என்றது டிஷ்யூ. “இன்னும் கசியலையா?”

“இல்லைங்க,” என்றது ஃபிட்டிங். அச்சத்தில் அதன் ரப்பர் வளையம் மேலும் சுருங்கியது.

சற்று நேரத்தில் ஒரு சொட்டு விழுந்தது.

“பார்த்தியா! பழையவ இருந்தவரைக்கும் நான் நனைஞ்சதே இல்ல,” என்றது, அன்று காலைதான் பெட்டியிலிருந்து வெளியே வந்த டிஷ்யூ.

ஃபிட்டிங் பதறிப்போய் பிளாக்கிடம் கிசுகிசுத்தது: “என் மரையெல்லாம் காய்ஞ்சுதாங்க இருக்கு. இந்தத் தண்ணி எங்கிருந்து வந்தது?”

“பழையவளைக் கழட்டும்போது என் வாயோரம் தங்கினது. எனக்குத் தெரியும்.”

“அதைக் கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்களேன். என்னைத் தூக்கிப் போட்டுடுவாங்க.”

“சொன்னா டிஷ்யூ மனசு கஷ்டப்படும். நீதான் கொஞ்சம் பொறுத்துப் போயேன்.”

ஈரத்தைக் கண்ட மனிதக் கை, ஃபிட்டிங் தளர்ந்திருக்கிறது என்று எண்ணி அதை மேலும் பலமாக முறுக்கியது. பிளாக்கின் மெல்லிய மூடி ‘டிக்’கென்று விரிசல் விட, உள்ளிருந்த தண்ணீர் முழுவதும் கொட்டியது.

தொப்பலாக நனைந்து கிழியத் தொடங்கிய டிஷ்யூ, பிளாக்கைப் பரிவோடு பார்த்தது.

“பாவம்ப்பா நீ,” என்றது. “எல்லாம் அவ வந்த நேரம்.”