பாதி ஊடு

வாசகர்களின் வாட்ஸ்அப் குழுவில் யார் எந்தப் புத்தகத்தைச் சொன்னாலும் தீனதயாளனின் பதில் ஒன்றுதான்: “படித்தாயிற்று.” அன்று மாலை நாவல் போட்டிக்கு நடுவரைத் தேர்ந்தெடுக்க இருந்தார்கள். தன்னை விட்டால் அந்தக் கும்பலில் யார் இருக்கிறார்கள் என்பது அவர் எண்ணம்.

திருச்செங்கோட்டிலிருந்து பூவாத்தாள் குரல்பதிவு அனுப்பினார். “எனக்குப் புடிச்ச பொஸ்தகம் ‘பாதி ஊடு’ங்க. சார் படிச்சிருக்கீங்களா?”

அவர் கேள்விப்பட்டதே இல்லை. ஆனால் தறிக்காரர் வீட்டுப் பிள்ளை அவர். துணியில் குறுக்கே ஓடும் நூலுக்குத்தானே ஊடு என்று பெயர்? அது போதும்.

“மூன்று முறை படித்தேன் அம்மா,” என்று தட்டினார். “பாதி ஊடு ஓடியதும் நின்றுவிடும் அந்தத் தறி! நெசவாளியின் வாழ்க்கையே அதுதான். கடைசி அத்தியாயத்தில் அழுதுவிட்டேன்.”

கைதட்டும் படங்கள் குவிந்தன. “அப்புறமென்ன, சார்தான் நடுவர்,” என்று எழுதினான் சேலத்து ஃபைஸான்.

பூவாத்தாளின் அடுத்த பதிவு வந்தது. “தறி எங்கீங்க சார் வந்துச்சு? கூரை போடாம பாதியில நின்னுபோன ஊட்டுக் கதைங்க அது.”

பூவாத்தாளின் பேச்சில் ஊடு என்றால் வீடு என்பது தீனதயாளனுக்கு அப்போதுதான் உறைத்தது. உடனே சமாளித்தார். “ஓ, ‘பாதி வீடு’ நாவலா? தெளிவாகச் சொல்லக் கூடாதா? அந்தக் குப்பையை நான் கையால்கூடத் தொட்டதில்லை.”

“ஏனுங்க சார் அப்படிச் சொல்றீங்க? அதுக்கு நாலு பக்கம் முன்னுரை எழுதுனதே நீங்கதானுங்களே!”